தோளில் ஒரு மைக்

ஆலையிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், நாய்ஸ் ரிப்போர்ட் ஒண்ணு வேணுமுங்க. எவ்வளவு ஆகும், எப்ப தருவீங்க?" எந்த இடத்துச் சத்தம், யாருக்குத் தொந்தரவு, ஏன் இப்போது என்பதெல்லாம் பேச்சில் வராது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டிருப்பார்; இல்லையென்றால் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் அடுத்த வாரம் வரப்போகிறது. அவர்களுக்கு ஒரு தாள் போதும். எனக்கோ ஒரு தொழிலாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரையிலான முழு ஷிப்டு வேண்டும். அந்த முழு ஷிப்டுக்காகப் பேரம் பேசிப் பேசியே கோவை, திருப்பூர், ஓசூர் வட்டாரத்து மில்களிலும் பவுண்டரிகளிலும் என் காலம் ஓடியது.

எண்பதுகளின் கடைசியில் நான் இந்த வேலைக்கு வந்தபோது எங்களிடம் இருந்தது முள் ஆடும் மீட்டர். டென்மார்க்கின் ப்ரூயல் அண்ட் கேர் தயாரிப்பு. தோல் உறையில், கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போவோம். உள்ளே போவதற்கு முன் மைக்கின் மேல் காலிபிரேட்டரைச் செருகினால் அது 94 டெசிபலில் ஒரு சீழ்க்கை விடும். முள் 94-இல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். வெளியே வந்ததும் மறுபடி அதே சோதனை. நடுவில் அரை டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைய அளவை எல்லாம் குப்பை. கருவி எவ்வளவோ மாறிவிட்டது, இந்தச் சடங்கு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

அளக்கும் முறையும் அன்று எளிது. ஆலையின் வரைபடத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, காது உயரத்தில் மீட்டரைப் பிடித்து, முள் எங்கே அதிகம் தங்குகிறதோ அந்த எண்ணை எழுதுவோம். ப்ளோரூம் இவ்வளவு, கார்டிங் இவ்வளவு, ரிங் ஃபிரேம் இவ்வளவு. பிறகு ஃபேக்டரி விதிகளில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுவோம். 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம் நிற்கலாம். 95-க்கு 4 மணி, 100-க்கு 2 மணி, 105-க்கு 1 மணி, 110-க்கு அரை மணி, 115-க்குக் கால் மணி. அதற்கு மேல் ஆளை நிறுத்தவே கூடாது. படம் பார்க்க அழகாக இருக்கும். சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தால் ஸ்பின்னிங் மாஸ்டர் அறைச் சுவரில் மாட்டிவைப்பார்.

அந்தப் படத்தில் ஆள் மட்டும் இருக்கமாட்டார். தறிக்குடோன் போல நாலு மூலையும் ஒரே இரைச்சலாக இருக்கும் இடத்துக்கு அது போதும். ஆனால் ரிங் ஃபிரேம் சைடர் நாள் முழுவதும் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். டாஃபர் ஒரு ஃபிரேமில் பாபினைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஃபிட்டர் எங்கே இருப்பார் என்று அவருடைய மேஸ்திரிக்கே தெரியாது. கட்டத்தில் 96 என்று எழுதியிருக்கிறேன், சரி. அந்தக் கட்டத்தில் யார், எத்தனை நிமிடம் நின்றார்? அலுவலகத்தில் கேட்டால் "ஒரு ரெண்டு மணி நேரம் இருக்குமுங்க" என்பார்கள். எதைக் கேட்டாலும் ரெண்டு மணி நேரம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆளோடு போய் நாள் முழுக்கச் சத்தத்தைச் சேர்த்துக் கணக்குப் போடும் டோசிமீட்டர் எங்கள் கைக்கு வந்தது. பெட்டியை இடுப்புப் பட்டையில் செருகி, ஒயரைச் சட்டைக்குள் முதுகு வழியாக ஏற்றி, மைக்கைத் தோளில் குத்திவிடுவோம். காதுத் துளையிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி, தோளுக்கு மேலே 4 சென்டிமீட்டர் எழும்பி நிற்கவேண்டும். எந்தக் காதுப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தத் தோள். இப்போது ஒயரே இல்லாமல், சட்டையில் குத்தும் பேட்ஜ் போலச் சின்னதாக வருகிறது.

முதல் தடவை ஒரு நூற்பு மில்லில் இதைக் கட்டப்போனபோது யாரும் கிட்டே வரவில்லை. போனஸ் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம் அது. "இது டேப்ரிக்கார்டருங்களா?" என்று சங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நிர்வாகம் கூட்டிவந்த ஆள், தோளில் மைக் மாட்டுகிறார் என்றால் வேறு என்ன நினைப்பது? பெட்டியைத் திறந்து காட்டி, அவரையே பேசச்சொல்லி, திரையில் எண் மட்டும் ஏறி இறங்குவதைக் காட்டினேன். அவர் முதலில் கட்டிக்கொண்டார், பிறகு மற்றவர்களும் வந்தார்கள். இப்போதைய சில கருவிகள் நிஜமாகவே சத்தத்தைப் பதிவு செய்யும். வரைகோட்டில் திடீரென்று ஒரு மேடு தெரிந்தால் அது இயந்திரமா இருமலா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வசதிதான். நான் அதை அணைத்துத்தான் வைப்பேன். பேச்சு பதிவாகாது என்று தொழிலாளியிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் அது எல்லா மில்லுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். ஒரு மில்லில் நடப்பது மறுநாளே பத்து மில்லுக்குத் தெரிந்துவிடும்.

"இதக் கட்டிட்டு பாத்ரூம் போலாங்களா சார்?" என்று பெண்கள் கேட்பார்கள். போகலாம், சாப்பிடலாம், கேன்டீனில் அரட்டை அடிக்கலாம். நாள் என்றால் எல்லாம் சேர்ந்ததுதான். மைக்கைத் தட்டக்கூடாது, துப்பட்டாவால் மூடக்கூடாது, அவ்வளவே. விளையாட்டாக மைக்கில் விசில் அடிப்பவர்கள் உண்டு. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு. மாலையில் கணினியில் கோட்டைப் பார்த்ததும் தெரிந்துபோகும். ஆள் தோளில் இருந்த மைக்கின் கோடு ஏறி இறங்கி, வளைந்து, நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆணியில் தொங்கிய மைக்கின் கோடு மூன்று மணி நேரம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

அந்தக் கோடுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. ஒரு மில்லில் சைடர்களின் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து 88, 89 என்று ஓடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் பள்ளம். மறுபடி 88. ஷிப்டு முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது எல்லாருடைய கோடும் ஒன்றாக 105-க்கு எகிறி நிற்கிறது. எந்த இயந்திரம் இது? வரைபட காலத்தில் அந்த இடத்தில் நான் 105 பார்த்ததே இல்லை. ஸ்பின்னிங் மாஸ்டரிடம் காட்டினேன். சிரித்தார்.

"அது மெஷின் சத்தம் இல்லீங்க சார். போறப்ப ஃபிரேமுக்கு ஏர் அடிப்பாங்க, அப்பறம் மேலுக்கும் அடிச்சுக்குவாங்க. பஞ்சு ஒட்டியிருக்குமில்லீங்க. அதக் கணக்குல சேக்காதீங்க."

ஏன் சேர்க்கக்கூடாது? காது அதே காதுதானே? கணக்குப் போட்டுக் காட்டினேன். காதுக்குள் போகும் ஆற்றலைக் கணக்கெடுத்தால், 105 டெசிபலில் 15 நிமிடம் நிற்பதும் 90 டெசிபலில் 8 மணி நேரம் நிற்பதும் ஒன்று. அந்தப் பெண்கள் நாள் முழுவதும் இயந்திரத்தோடு வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் மறைத்துச் செய்த வேலை இல்லை அது. எந்தத் தாளிலும் எழுதப்படாத வேலை, அவ்வளவுதான். அன்றிலிருந்து கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, "காலைல உள்ள வந்ததுல இருந்து சொல்லுங்கம்மா, என்னென்ன செய்வீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது கேட்கவேண்டும். இருந்தால் பதிலை அவர் சொல்லிவிடுவார்.

அந்த மில்லில் தீர்வும் மலிவாகவே கிடைத்தது. வெறும் குழாய் முனையில் அடித்துக்கொண்டிருந்த ஏர் கன்னுக்குச் சத்தம் குறைக்கும் நாசில் மாட்டினார்கள். லைனின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். உடம்பில் ஒட்டிய பஞ்சை எடுக்கக் கதவோரம் ஒரு வேக்குவம் வைத்தார்கள். இயந்திரங்களைச் சுற்றிக் கூண்டு கட்டச்சொல்லி நான் அதற்கு முன் எழுதிக்கொடுத்த பரிந்துரைகள் எல்லாம் அலமாரியிலேயே இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும், சட்டத்தின் கணக்கு இப்படி இல்லை. நம் அட்டவணை சத்தம் 5 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியும் அதுதான். வேலைக்கு நடுவே வரும் இடைவெளிகளில் காது கொஞ்சம் தேறிவிடும் என்ற எண்ணத்தில் அமைந்தது. அதன்படி 105-இல் கால் மணி நேரம் நின்றால் அன்றைய அனுமதியில் கால் பங்குதான் செலவு. ஆனால் ஆற்றல் கணக்கில் 3 டெசிபல் கூடினாலே இரட்டிப்பு. அமெரிக்காவிலேயே நையோஷ் என்ற ஆய்வு அமைப்பு 1998-இல் 85 டெசிபல், 3 டெசிபல் கணக்கு என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய யூனியன் 2003-இல் கொண்டுவந்த உத்தரவும் 3 டெசிபல் கணக்கில்தான்: 80-இல் எச்சரிக்கை, 85-இல் நடவடிக்கை, காதில் மாட்டியதைக் கழித்த பிறகும் 87-ஐத் தாண்டக்கூடாது. 100 டெசிபலில் ஒருவர் 2 மணி நேரம் நின்றால் நம் சட்டப்படி சரியாக நூறு சதவீதம், தப்பில்லை. நையோஷ் கணக்கில் அதே ஆளுக்கு எண்ணூறு சதவீதம்.

ஒரே டோசிமீட்டர், ஒரே நாள், இரண்டு விடை. இதைப் புரிந்துகொண்ட மேலாளர்கள் உண்டு. ஏற்றுமதிக்காரர்கள் பெருகியபின் "பையருக்கு ஒண்ணு, கவர்மெண்டுக்கு ஒண்ணு" என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். இரண்டையும் ஒரே அறிக்கையில் ஒரே பக்கத்தில் அருகருகே போடுவது என் வழக்கமாயிற்று. சட்டத்துக்குச் சட்டத்தின் எண், காதுக்குக் காதின் எண். இதனால் போன வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

ஃபோர்ஜிங் ஷாப் வேறு உலகம். டிராப் ஹாமர் பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் விழும்போது முள் மீட்டர் விழுந்தடித்து ஓடும், எண்ணைப் படிப்பதற்குள் திரும்பிவிடும். அடிக்கும் அடிக்கும் நடுவே சும்மா நிற்கும். நாங்கள் குத்துமதிப்பாக எழுதியதெல்லாம் எவ்வளவு குறைவு என்பது, நாள் முழுக்கச் சேர்த்துக் கணக்குப் போடும் கருவி வந்த பிறகே தெரிந்தது. அடியின் உச்சத்தைத் தனியே பிடிக்கவேண்டும். 140 டெசிபலைத் தாண்டும் அடி ஒன்று விழுந்தாலும் விதிமீறல்தான்.

அப்படி ஒரு ஷாப்பில் அளக்கப்போன நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய ஹாமர் இரண்டு ஓடவில்லை, மெயின்டனன்ஸ் என்றார்கள். ஓடிய ஹாமரில் சின்னச் சின்ன உருப்படி. டீ குடிக்கும்போது ஒருவர், "நாளைக்கு வாங்கண்ணா, நாளைக்குத்தான் ஆக்சில் ஜாப்பு" என்று கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உற்பத்திப் பதிவேட்டைக் கேட்டேன். அந்த மாதத்தின் சராசரி டன்னில் பாதிகூட அன்றைக்கு இல்லை. மறுநாள் போய் அளந்ததில் முந்தின நாளைவிட 7 டெசிபல் கூடுதல். அதிலிருந்து அளக்கும் நாளின் உற்பத்தி எண் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஏறியது. நூற்பு மில்லானால் ஸ்பிண்டில் வேகத்தையும் எழுதிவிடுவேன். நான் வந்த காலத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று சுற்றியவை இன்று இருபதாயிரத்தைத் தொடுகின்றன. வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு அளக்கக் கூப்பிடுவது அங்கே சுலபம்.

2009-இல் ஐஎஸ்ஓ 9612-இன் புதிய பதிப்பு வந்தபோது எங்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. வேலை வேலையாகப் பிரித்து அளக்கலாம். ஒரே மாதிரி வேலை செய்பவர்களைக் குழுவாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முழு நாளும் அளக்கலாம். முழு நாள் என்றால் மூன்று நாள் அளவை வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று 3 டெசிபலுக்கு மேல் விலகினால் இன்னும் இரண்டு. "ஒரு நாள் அளந்தா போதாதுங்களா?" என்று கேட்டவர்களிடம் காட்ட ஒரு புத்தகம் இருந்தது. ஃபிட்டர்கள் விஷயத்தில் இது ரொம்ப உதவியது. ஒரு ஃபிட்டர் திங்கட்கிழமை முழுக்கப் பேரிங் மாற்றிக்கொண்டு ஒர்க்ஷாப்பில் இருப்பார், 79 வரும். செவ்வாயன்று கம்ப்ரசர் அறையில், 93 வரும். இரண்டில் எது அவருடைய நாள்? இரண்டும்தான். நிர்வாகத்துக்குத் திங்கட்கிழமை பிடிக்கும்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் அளந்தது ஒரு கல்லூரி ஆய்வுக்காக. பத்துப் பேருக்குக் குறைந்த குடோனுக்குள் ஃபேக்டரி சட்டம் பொதுவாக எட்டிப் பார்த்ததில்லை. ரிப்போர்ட் கேட்க யாரும் இல்லை. நாடா அடிக்கும் தறிகள் ஓடும் குடோனில் 98 என்பது சாதாரண எண். நம் சட்டக் கணக்கிலேயே அதற்கு அனுமதி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே ஓட்டுவது 12 மணி நேரம். 8 மணிக் கணக்குக்கு மாற்றினால் 98 என்பது கிட்டத்தட்ட 100 ஆகிவிடும். அதற்குப் பிறகும் நாள் முடிவதில்லை. பல குடோன்கள் வீட்டோடு ஒட்டியவை. ஓனரே ஓட்டுவார், மனைவி தார் சுற்றுவார், ராத்திரி ஷிப்டுக்காரர் தறியை ஓட்டும்போது இவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குவார்கள்.

குடோனுக்குள் யாரும் கத்திப் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன். உதட்டசைவு, கை ஜாடை, தேவைப்பட்டால் தோளில் ஒரு தட்டு. பாவு முடிந்தது, நூல் அறுந்தது, டீ வந்தது எல்லாவற்றுக்கும் ஜாடை இருந்தது. அறுபதை நெருங்கிய ஒரு ஓனர் என்னோடு வாசலில் உட்கார்ந்து பேசும்போதும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசறது கேக்குதுங்க. என்ன பேசறாங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது" என்றார். ஆடியோமீட்டரில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்த காதுகள் இப்படித்தான் சொல்லும். தாழ்ந்த ஒலி கேட்கும், மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உச்ச ஒலி போய்விடும். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "டிவிய மட்டும் தெருவுக்கே வெக்கறாருங்க" என்றார். இருவருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. தறி ஓட்டினால் காது போகும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தார்கள். ஃபேக்டரி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது அறிவிக்கவேண்டிய தொழில்நோய் என்று நான் சொன்னதை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள்.

காதடைப்பான் பற்றிப் பேசாமல் முடியாது. ஆலைக்குள் போனதும் எல்லார் காதிலும் மஞ்சள் இயர் பிளக் தெரிந்தால், நான் வருவது முன்பே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டியிருப்பதிலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுரைப் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருக்கவேண்டும். இதை ஒரு முறை கண்ணெதிரே செய்து காட்டுவது பத்து போஸ்டருக்குச் சமம். பெட்டியின் மேல் 30 டெசிபல் என்று போட்டிருந்தாலும், 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால் மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபலாகச் சரிந்துவிடும். சூப்பர்வைசர்களே இதை நம்புவதில்லை. கணக்குப் போட்டுக் காட்டியபின் சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கழற்றுவதற்கு அவரவர்க்குக் காரணம் இருக்கிறது. நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றிவைத்த மில்லுக்குள் காது வியர்த்து அரிக்கும். ஃபிட்டருக்குப் பேரிங்கின் சத்தம் கேட்டாகவேண்டும், அதுதான் அவருடைய தொழில். பவுண்டரியில் ஃபெட்லிங், அதாவது வார்ப்பின் பிசிறை எடுக்கும் வேலை, செய்பவர்களின் கை கரியாக இருக்கும். அந்தக் கையால் பிளக்கை உருட்டிக் காதில் விடச் சொல்ல எனக்கே வாய் வராது, அவர்களுக்குக் காதை வெளியிலிருந்து மூடும் மஃப்தான் சரி.

இப்போதெல்லாம் போனிலேயே அளந்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். 2017-இல் நையோஷ் ஐபோனுக்கு இலவச ஆப் வெளியிட்டது, நல்ல ஆப். அதை வைத்துத் தொழிலாளிகளே மேஸ்திரியிடம் எண்ணைக் காட்டிப் பேசியதை ஓசூரில் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அளக்காதவரை சரி.

எண்ணைவிட எனக்குச் சிக்கலாக இருப்பது பட்டியல். யார் தோளில் மாட்டுவது என்பதை ஹெச்.ஆர். தரும் பட்டியல்தான் முடிவு செய்கிறது. அதில் நிரந்தரத் தொழிலாளிகள் இருப்பார்கள். காண்டிராக்டரின் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஃபெட்லிங், ஏர் அடிப்பது, கம்ப்ரசர் அறையைக் கூட்டுவது போன்ற வேலைகளைச் செய்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு முதல் நாள் ஆடியோகிராமும் கிடையாது. ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போனபின் எந்தக் காது எந்த ஆலையில் போனது என்று யார் சொல்வது? பரிசோதனைக்கு அவர்களும் பயப்படுகிறார்கள். காது மந்தம் என்று தாளில் ஏறினால் மறுநாள் வேலை இருக்காது என்று நினைக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய பவுண்டரியில், பட்டியலில் இல்லாத இரண்டு ஃபெட்லிங் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். ஹெச்.ஆர். மேலாளர் இளைஞர், யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும், அவர்களுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலும் விஷயத்தை விளக்கி மைக்கை மாட்டினோம். மூன்று நாள் அளந்தோம். பட்டியலில் இருந்தவர்களில் அதிகபட்சம் 91. இந்த இருவருக்கும் 99, 101. அறிக்கை போன பத்தாவது நாள் அந்த மேலாளர் போன் செய்தார். "சார், காண்டிராக்ட் ஆளுங்க எங்க ரோல்ல இல்லீங்களே, அந்த ரெண்டு பக்கத்த மட்டும் எடுத்துட்டு அனுப்புவீங்களா?" அவர் குரலில் அவருடைய விருப்பம் இல்லை, மேலேயிருந்து வந்த விருப்பம் இருந்தது. எடுக்க முடியாது தம்பி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கு மஃப் மட்டும் இன்னிக்கே வாங்கிக் குடுத்துடறேங்க சார்" என்றார். கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் அந்தப் பவுண்டரிக்கு அளக்கப் போனவர் வேறு ஆள்.